செல்லுக்கு வண்ணம் அடிப்பது

ஜூபிட்டர் நோட்புக்கில் பாடம் நடத்துகிறவர்கள் பலர் அதன் செல்களுக்கு, அதாவது கோடும் விளக்கமும் அடங்கும் கட்டங்களுக்கு, வண்ணம் அடிக்கிறார்கள். பயிற்சிக்கு மஞ்சள், எச்சரிக்கைக்குச் சிவப்பு, விடைக்குப் பச்சை. மாணவருக்குப் பார்த்ததும் புரிகிறது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். உண்மைதான். நீண்ட நோட்புக் முழுதும் ஒரே வெள்ளையாகக் கிடந்தால் கண் அலுத்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கி வரியின் நீளத்தைக் குறைத்தாலே வாசிப்பு இலகுவாகிறது. அதுவரை எனக்கு மறுப்பில்லை.

நிறத்தின் மேல் பொருளை ஏற்றுவதுதான் தவறு. ஜூபிட்டர் கோப்பில் செல்லுக்கு மூன்றே வகை: கோட், மார்க்டவுன், ரா. 'இது பயிற்சி' என்ற தகவலுக்கு அந்த வகைகளில் இடமில்லை. ஆசிரியர் என்ன செய்கிறார்? தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் விதிகளை எழுதி, கடைசிச் செல்லில் ஐபைத்தான் வழியாக ஏற்றுகிறார். அந்தச் செல்லை ஓட்டினால்தான் வண்ணம் வரும். வெளியீடுகளை அழித்தால் வண்ணமும் போய்விடும். கிட்ஹப்பில் போட்டால் ஸ்டைல் வடிகட்டப்படுகிறது. கோலாபில் வெளியீடு தனி ஐஃப்ரேமுக்குள் அடைபடுவதால் நிறம் பக்கத்துச் செல்லை எட்டாது. 2023-இல் ஜூபிட்டர்லேபின் அடித்தளத்தில் நோட்புக் 7 வந்தபோது, பழைய 'இன்புட்_ஏரியா' போன்ற பெயர்களை நம்பி எழுதிய விதிகள் பிடிமானம் இழந்தன. பிழைச் செய்திகூட வராது. 'மஞ்சள் செல்களை மட்டும் செய்யுங்கள்' என்று முதல் பத்தி சொல்லும். மாணவரின் திரையில் எல்லாச் செல்லும் வெள்ளை.

1988-இல் வெளியான மேத்தமேட்டிகா மென்பொருளின் நோட்புக்கில் இந்தச் சிக்கல் இல்லை. 'செக்ஷன்', 'டெக்ஸ்ட்' என்ற ஸ்டைல் பெயர் செல்லோடு சேர்ந்தே கோப்பில் பதிவாகிறது. தோற்றத்தை ஸ்டைல்ஷீட் பார்த்துக்கொள்கிறது. ஸ்டைல்ஷீட்டை மாற்றினாலும் தலைப்பு தலைப்பாகவே இருக்கும்.

ஜூபிட்டரிலும் அதற்கு வழி உண்டு: செல்லின் மெட்டாடேட்டாவில் டேக் என்ற அடையாளச் சொல். 'பாராமீட்டர்ஸ்' என்ற டேக்கைப் பார்த்துத்தான் நோட்புக்கை வேறு மதிப்புகளோடு ஓட்டும் பேப்பர்மில் கருவி புதிய மதிப்புகளை எங்கே செருகுவது என்று முடிவு செய்கிறது. 'ஹைட்-இன்புட்' டேக் இருந்தால் நோட்புக்குகளைப் புத்தகமாக்கும் ஜூபிட்டர் புக் கருவி கோட் பகுதியை மறைத்து வைக்கிறது. மஞ்சள் பின்னணியை நம்பி இப்படி எதுவும் செய்ய முடியாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கோ அந்த மஞ்சள் இருப்பதே தெரியாது. பாடத்தில் எது பயிற்சி என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

டேக் போட நேரமில்லை என்கிறார்கள். நாற்பது வரி சிஎஸ்எஸ் எழுத நேரம் இருக்கிறதே! செல்லின் மேலே 'பயிற்சி 3' என்று எழுதிவிட்டு, பிறகு எந்த நிறம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.