பாட்டில் பசித்தவர் எங்கே?

வள்ளல் சீதக்காதியின் புகழை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் இல்லை எனலாம். 17-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகச் செல்வர் ஷெய்கு அப்துல் காதிரே அவ்வள்ளல். பஞ்ச காலத்தில் அவர் புரிந்த அன்னதானத்தைப் படிக்காசுப் புலவர் தனிப்பாடல் ஒன்றில் போற்றியுள்ளார். நெல்லும் பொன்னும் நிகராக விற்ற நாளிலும் வள்ளல் தளராமல் முன்வந்தாராம். பஞ்சத்தின் கொடுமையை ஒரு தராசில் நிறுத்துக் காட்டிய புலமையை நாம் வியக்கிறோம். ஆயினும் ஒரு வினா எழுகிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது, நெல்லின் விலை இருக்கிறது, உண்டவர் எங்கே?

புகழ்ப்பாடலின் இயல்பு அதுவே என்பர் சிலர். மணிமேகலையை நோக்குவோம். அங்கும் கொடுப்பவளே காப்பியத் தலைவி. ஆனால் யானைத்தீ என்னும் பெரும்பசி நோயால் 12 ஆண்டுகள் வருந்திய காயசண்டிகைக்குப் பெயர் உண்டு. நோய் வந்த வரலாறு உண்டு. காத்திருக்கும் கணவனும் உண்டு. அமுதசுரபியிலிருந்து அவள் பெற்ற ஒரு பிடி உணவு நம் நெஞ்சைத் தொடுவது அதனாலேயே.

இக்குறை ஏட்டோடு நிற்பதில்லை. பாட்டில் மறைந்தவர் வாழ்விலும் மறைந்துவிடுகிறார். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதும், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஓய்ந்தன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்க்குக் கூலியும் நின்றது. ஊருக்குச் செல்லும் ரயிலும் நின்றது. ரேஷன் அட்டையோ சொந்த ஊரில்! பிற மாநில அட்டைக்கும் இங்கே பொருள் வழங்கும் திட்டத்தில் தமிழகம் இணைந்தது அவ்வாண்டு அக்டோபரில்தான். அரசும் தொண்டு அமைப்புகளும் தனியாரும் உணவளித்தனர், அது பெரும்பணியே. எனினும் செய்தியாக எஞ்சியவை பெரும்பாலும் கொடுத்தோர் பெயரும் பொட்டலங்களின் கணக்குமே. மீண்டும் அதே பாட்டு!

வாங்கியவருக்கு அரிசி பழக்கமா, கோதுமை மாவு வேண்டுமா? சமைக்க அடுப்பு உண்டா? அறை வாடகைக்கு என் செய்வார்? இவற்றைக் கேட்டறிந்து செய்யும் உதவியே பசியை முற்றும் தீர்க்கும்.

ஜகாத்துக்கு உரியோர் எண்வகையினரைத் திருக்குர்ஆன் வகுத்துரைக்கிறது. அங்கே எண்ணப்படுவோர் பெறுபவரே; கொடுப்பவர் அல்லர். ஊரில் வீடிருந்தும் வழியில் கையற்று நிற்கும் வழிப்போக்கரும் அவருள் ஒருவர். 2020-இல் திருப்பூரில் தவித்தோரை வேறு எப்பெயரால் அழைப்பது?

சீதக்காதியின் புகழ் என்றும் குன்றாது. ஆனால் இனிப் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பாட வரும் நம் புலவர்கள், வரிசையில் நின்றவரிடம் ஊரும் துயரும் கேட்டறிந்து பாடுவார்களாக.