பேர்ன்ஸ் விருந்தில் இல்லாத பேர்ன்ஸ்

ஆண்டுதோறும் ஜனவரி 25 ஆந் திகதியை ஒட்டி ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் சிட்னியிலும் ஸ்கொத்லாந்து வழிவந்தோர் கூடி விருந்துண்கின்றனர். உழவர் குடியிற் பிறந்த றொபேட் பேர்ன்ஸ் (1759 - 1796) என்னுங் கவிஞரின் பிறந்தநாள் விழா அது. தோற்பைக் குழல் முழங்க ஹகிஸ் என்னும் உணவு தட்டில் ஏந்திவரப்படும். கட்டமிட்ட கம்பளியாலான கில்ட் அணிந்த ஒருவர், அவ்வுணவை விளித்துப் பேர்ன்ஸ் பாடிய கவிதையைச் சொல்லியவாறே கத்தியால் அதனைக் கீறுவார். விஸ்கிக் கிண்ணங்கள் உயரும். கவிஞரின் அழியாப் புகழ்பற்றி ஓர் உரை நிகழும். உல்லாசப் பயணியாக ஸ்கொத்லாந்துக்கே செல்பவருக்கும் ஏறத்தாழ இக்காட்சியே காட்டப்படுகிறது. இங்கே கொண்டாடப்படுவது யாருடைய பண்பாடு என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

முதல் விருந்து எளிமையானது. கவிஞர் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1801 இல், அலோவேயில் அவர் பிறந்த குடிலில் ஒன்பது பேர் கூடினர். ஹகிஸும் ஆட்டுத்தலையும் உண்டனர். ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ் மாவோடு சேர்த்து அதன் இரைப்பையிலே அவித்தெடுப்பதே ஹகிஸ். ஆட்டின் எவ்வுறுப்பையும் வீணாக்க இயலாத வீட்டுச் சமையல் அது. பிரெஞ்சுப் பக்குவங்களுக்கு ஏங்கிய மேட்டுக்குடியினரை எள்ளி நகையாடியே பேர்ன்ஸ் அவ்வுணவை உயர்த்திப் பாடினார். இன்று பெரும் விடுதிகளிலே அக்கவிதையைக் கேட்டுக் கைதட்டுவோருட் பலர், அந்த ஏளனம் யாரை நோக்கியது என்பதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

உடையின் கதை இன்னும் விசித்திரமானது. பேர்ன்ஸ் தாழ்நிலத்து அயர்ஷயரைச் சேர்ந்தவர். அவர் கையாண்டது ஸ்கொட்ஸ் மொழி. கில்ட்டோ கேலிக் மொழி பேசிய உயர்நிலத்தாரின் உடை. 1746 இல் குலொடன் போரிலே கிளர்ச்சியாளர் நசுக்கப்பட்டபின் அவ்வுடை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 1782 இலேதான் தடை நீங்கியது. 1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வோல்ற்றர் ஸ்கொட் முன்னின்று நடத்திய வரவேற்பிலே அதுவே தேசிய உடையாக மேடையேறியது. 1842 இல், அரச வழித்தோன்றல்களெனத் தம்மைக் கூறிக்கொண்ட சகோதரர் இருவர், குடிக்கொரு கட்டம் வகுத்துப் பழஞ்சுவடியின் பெயரால் ஒரு நூல் வெளியிட்டனர். அது போலியென்று பின்னர் நிறுவப்பட்டது. முன்னோரைத் தேடிவரும் பயணிக்கு 'உங்கள் குடும்பத்துக் கட்டம்' என விற்கப்படும் கம்பளிகள் பலவற்றின் பழைமை இவ்வளவே.

உயர்நில உடையைப் போற்றச் சங்கம் அமைத்தவர்களும், அதை அணிந்த குடியானவரை நிலத்தினின்று எழுப்பியவர்களும் சிலவிடத்து ஒருவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1815 இல் 'உண்மையான உயர்நிலத்தார்' சங்கத்தை நிறுவிய கிளென்கரித் தலைவர் அத்தகையவர். சதர்லாந்துச் சீமாட்டியின் நிலங்களில் நடந்தது இன்னும் பெரிது. 1814 முதல் 1820 வரை 15,000 மக்கள் அங்கிருந்து துரத்தப்பட்டனர் என்றும், 1825 அளவில் அவர்களிருந்த இடத்தை 131,000 செம்மறியாடுகள் நிரப்பின என்றும் 'மூலதனம்' முதற் பாகத்திலே மார்க்ஸ் எழுதுகிறார். மனிதருக்கு இடமில்லை, ஆட்டுக்கு இடமுண்டு, கம்பளிக்கு விலையிருந்தது.

இவ்வாறு வேரறுக்கப்பட்டவரும் வறுமையால் வெளியேறியவரும் கடல் கடந்தனர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அன்ரிகொனிஷ் என்னுமிடத்தில் 1863 முதல் உயர்நில விளையாட்டு விழா நடைபெற்று வருகிறது. மரத்தண்டு எறிந்தும் குழலிசைத்தும் ஆடியும் மகிழும் அவர்தம் சந்ததியினரை நாம் பரிகசிக்க வரவில்லை. ஊரிழந்தவன் ஊரை நினைப்பது இயல்பு. அந்த ஏக்கம் மெய்யானது. ஆனால், அவ்வேக்கத்துக்குக் கையில் கொடுக்கப்படுவது பெரிதும் நிலப்பிரபுவின் அலங்காரமே. துரத்தப்பட்டவர் பேசிய கேலிக் மொழிக்கு 1872 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஸ்கொத்லாந்துப் பள்ளிகளில் இடமே வகுக்கவில்லை. கட்டமிட்ட துணி உலகெங்கும் பரவ, மொழி தேய்ந்தது. ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இச்செய்தி எளிதிற் கடந்து செல்லக்கூடியதன்று.

இனிக் கவிஞரிடம் வருவோம். 1786 இல் வெளிவந்த அவரது முதல் தொகுதியிலே, சீமான் வீட்டு நாயும் உழவன் வீட்டு நாயும் உரையாடும் கவிதையொன்றுண்டு. வாரம் செலுத்த வழியற்ற குடியானவர் தலைகுனிந்து நிற்க, பண்ணை முகவர் ஏசி மிரட்டிப் பொருள்களைப் பறிக்கும் காட்சியை அங்கே சீமானின் நாயே விவரிக்கிறது. சொன்னது உழவன் வீட்டு நாயாயின் முறைப்பாடென்று ஒதுக்கிவிடலாம். சீமானின் உணவையுண்ட வாயிலிருந்து வரும்போது அது சாட்சியமாகிறது. தந்தை குத்தகை நிலத்தில் உழன்று, நிலவுடைமையாளரோடு வழக்காடிச் சோர்ந்து 1784 இல் இறந்ததைக் கண்ட மகனின் கவிதை அது. எடின்பரோக் கனவான்களோ அவரை வானமே கற்பித்த உழவனென்று வியந்தனர். வானத்தின்மேற் பழிபோட்டால் வயலைப்பற்றிப் பேசவேண்டியதில்லை அல்லவா?

பேர்ன்ஸை அப்பழுக்கற்ற புரட்சியாளராக்குவதும் நமது நோக்கமன்று. அதே 1786 இல், கையில் காசின்றி, ஜமேக்காவின் கரும்புத் தோட்டமொன்றிலே கணக்கப்பிள்ளையாகப் போக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அடிமைகளின் உழைப்பில் இயங்கிய தோட்டம் அது. நூலின் வெற்றியே அப்பயணத்தைத் தடுத்தது. அத்தகைய வழியில் வேறு கடல்களைக் கடந்த ஸ்கொத்லாந்து இளைஞர் பலர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ரெயிலர் 1852 இல் இலங்கைக்கு வந்து, 1867 இல் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்டார். பூண்டுலோயாவின் டன்சினேன், தலவாக்கலையின் ஹோலிரூட் என நமது மலையகத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் தம் முகவரியிற் சுமக்கும் பெயர்கள் அந்நாட்டிலிருந்து வந்தவையே. ஊரிழந்தோரின் நாடு பிறரை ஊரிழக்கச் செய்த தொழிலிலும் பங்குகொண்டது. விருந்துரைகளிலே இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

எனினும், பேர்ன்ஸை விருந்து மேசையிலிருந்து மீட்டோரும் உளர். மார்ஷாக்கின் மொழிபெயர்ப்பால் சோவியத் வாசகர் அவரைத் தம்மவராகவே கொண்டனர். 1956 இல் அங்கே அவருக்குத் தபால்தலையும் வெளியாயிற்று. 1707 இல் மறைந்த ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத்தின் இடத்தில் புதிய பாராளுமன்றம் 1999 யூலை 1 ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டபோது, ஷீனா வெலிங்ரன் என்னும் பாடகி, பட்டத்தையும் பணத்தையுங் கொண்டு மனிதனை மதிக்க மறுக்கும் பேர்ன்ஸின் 1795 ஆம் ஆண்டுப் பாடலைப் பாடினார். எலிசபெத் மகாராணியார் முன்னே அமர்ந்திருந்தார். இறுதிப் பகுதி வந்தபோது, சபையிலிருந்த உறுப்பினரும் சேர்ந்து பாடினர்.