பட்டா பேசும் சத்தம்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், வண்டியின் வில் பட்டாவை (லீஃப் ஸ்பிரிங்) அடிக்கும் சத்தம் கேட்டாலே நின்றுவிடுவேன். அன்று ஒரு பிக்கப். டிரெய்லர் இழுக்கப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டுமாம். ஒரு பட்டாவை உருவிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், வண்டியும் சீக்கிரம் முடியும். பட்டறைக்காரரோ பட்டாக்களின் வளைவைத்தான் தணிக்கிறார். நெருப்பில்லை, சூடு ஏறினால் எஃகின் பதம் போய்விடும். ஓங்கிய ஒரே அடியும் இல்லை. விரலகலம் நகர்த்தி, நகர்த்தி, டங்... டங்... வளைவு நூலளவாக இறங்குகிறது. குட்டைப் பட்டாக்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வளைவு விடுகிறார். நடு போல்ட்டை முறுக்கும்போதுதான் அவை மெயின் பட்டாவோடு ஒட்ட வேண்டும். இடையில் கிரீஸ் தடவும் அந்தக் கையைப் பார்க்க வேண்டுமே! தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல், அவ்வளவு நிதானம்.