கிண்டியில் ஜியோவா, பைபாஸில் கம்ப்யூட்டர் சயன்ஸா?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன், பொறியியல் கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் எடுத்தான். அவனுடன் பிளஸ் டூ படித்த நண்பனுக்கும் ஏறக்குறைய அதே கட்-ஆஃப்தான். அவன் பைபாஸ் ஓரத் தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்தான். பொங்கல் லீவுக்கு வந்த நம் பையன் முகத்தில் களையே இல்லை. கல்யாண வீட்டில் யாரோ, "ஜியோன்னா சிம் கார்டா தம்பி?" என்று கேட்டுவிட்டார்களாம். "காலேஜ் பேருக்கு ஆசைப்பட்டு பிராஞ்சைக் கோட்டை விட்டுட்டேனா சார்?" என்றான்.

ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் பயத்தில் பாதி நிஜம். கல்லூரிப் பெயர் கம்பெனிகளை வளாகத்துக்குள் அழைத்து வரும், அவ்வளவுதான். உள்ளே வந்த கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தாளில் முதல் வரியே தகுதியான பிராஞ்சுகளின் பட்டியல். நல்ல சம்பளம் தருகிற சில கம்பெனிகள் கம்ப்யூட்டர் சயன்ஸ், ஐ.டி., இ.சி.இ. என்று அங்கேயே கோடு போட்டுவிடும். கோட்டுக்கு வெளியே நிற்பவன் எதிர் ஹாலில் நடக்கிற இன்டர்வியூவை வேடிக்கை பார்க்கலாம். 'கிண்டியில் எதைப் படித்தாலும் ஒன்றுதான்' என்று சொல்லும் மாமாக்கள் இந்தத் தாளைப் பார்த்ததில்லை.

சரி, நண்பனின் கல்லூரிக்கு யார் வருகிறார்கள்? அந்தத் தரத்துக் கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் வருவது கூட்டமாக ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள். அவை பெரும்பாலும் கேட்பது என்ன? பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் கூடாது. பிராஞ்ச் எதுவானாலும் சரி. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அதே நிறுவனங்கள் பெரிய கல்லூரிகளில் சிவிலையும் மெக்கானிக்கலையும் எடுத்துக்கொள்கின்றன. ஆக, நண்பன் எந்தப் பெயருக்காகக் கல்லூரியை விட்டுக்கொடுத்தானோ, அந்த பிராஞ்ச் பெயரை அவன் வாசலுக்கு வருகிறவர்கள் கேட்பதே இல்லை. நம் பையன் இழந்ததாக நினைப்பது நண்பனுக்கும் கிடைக்கவில்லை.

நாலு வருடம் கோடிங் கற்றுக்கொள்வானே, அது லாபமில்லையா? கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் லாபம்தான். 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்களில் ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தார். ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள். அதே ஆண்டில், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ., ஒரு பிராஞ்சில் இத்தனை இடங்கள்தான் என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ் இடங்கள் பெருகின. பாடம் நடத்துகிறவர்கள் அந்த வேகத்தில் எங்கிருந்து முளைப்பார்கள்?

கல்லூரி பஸ்ஸின் முதுகில் ஒட்டிய ஃபிளெக்ஸில் ஒரு மாணவனின் சிரித்த முகமும் 'ஹையஸ்ட் பேக்கேஜ்' தொகையும் இருக்கும். அது ஒருவனுடைய சம்பளம். '95 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்றால் எத்தனை பேரில் என்று கேட்டுப் பாருங்கள். அரியர் வைத்தவர்களை முதலிலேயே கழித்துவிட்டு, மிஞ்சிய 'எலிஜிபிள்' பட்டியலில்தான் அந்தக் கணக்கு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை கேட்பது நடுச் சம்பளத்தை, அதாவது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவனின் சம்பளத்தை. எந்த ஃபிளெக்ஸிலும் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.

கிண்டிக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று பாக்கி. அங்கே படித்தவர்கள் முன்னுக்கு வந்தது கல்லூரியாலா, அல்லது அவ்வளவு மதிப்பெண்ணோடு நுழைந்தவர்கள் எங்கே போயிருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்களா? அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இதையே ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சற்றுச் சிறிய கல்லூரிக்குப் போனவர்களை, பெரிய கல்லூரியிலேயே சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குக் கல்லூரியின் பெயர் பலன் தந்தது. 1976-இல் கல்லூரிக்குள் நுழைந்த அமெரிக்கர்களின் கதையை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது என்பது தெரியும். ஆனால் அந்த விதிவிலக்கு இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும் என்பது என் கணிப்பு. டாக்டர் வீட்டுப் பையன் எந்தக் கல்லூரியில் படித்தாலும் ரெஸ்யூமை நீட்ட ஒரு சித்தப்பா இருப்பார். இஸ்திரி வண்டிக்காரர் மகனுக்கு அந்தச் சித்தப்பா, கிண்டியின் சீனியர்கள்தான்.

ஆகவே என் தீர்ப்பு அவன் ஃபைலில் இருக்கும் ஒரு தாளைப் பொறுத்தது: முதல் பட்டதாரிச் சான்றிதழ். வீட்டில் முதல்முறையாகப் பட்டம் படிக்கிறவர் அதைக் காட்டினால், 2010-லிருந்து தமிழக அரசு கல்விக் கட்டணத்தில் சலுகை தருகிறது. பிராஞ்சா, பெயரா என்ற கேள்விக்கும் அதுவே விடை. அந்தத் தாள் உள்ளவன் பெயரை எடுத்தது சரி. இல்லாதவன், கம்ப்யூட்டரில் உண்மையிலேயே பிடிப்பு இருந்தால், பாடம் ஒழுங்காக நடக்கும் இரண்டாம் வரிசைக் கல்லூரிக்குப் போகலாம். நஷ்டம் அதிகமில்லை.

ஜியோவை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கிண்டிக் கல்லூரி 1794-இல் பிறந்ததே நில அளவைப் பள்ளியாகத்தான். வரைபடத் தரவுகள் மீதிருந்த கெடுபிடிகளை மத்திய அரசு 2021-இல் தளர்த்தியபின் தனியார் நிறுவனங்களுக்கும் அந்தத் துறையில் வழி திறந்திருக்கிறது. வேலை கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் செத்த துறை இல்லை.

இத்தனை கணக்கையும் ஒரே அடியில் கவிழ்க்கக்கூடியது அரியர். கிண்டிக்கு வரும் கம்பெனியும் சரி, பைபாஸுக்கு வரும் கம்பெனியும் சரி, அரியர் வைத்தவனைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். பிடிக்காத பாடத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது தானாக வரும். இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு, முதல் செமஸ்டர் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது ஒண்ணு நிக்குது சார்" என்றான்.