எண்ணிக்கையும் எடையும்: வரலாற்றறிஞர் அரசரத்தினத்தை முன்வைத்து

ஓர் அறிஞரின் பெருமையை எவ்வாறு அளப்பது என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. ஒரு நூற்பாவை விளக்குவதற்கு உரையாசிரியர்கள் எப்பாடலை எடுத்தாண்டனர் என்பது பண்டைப் புலவர்க்குக் கிடைத்த ஒரு மதிப்பீடு. தகடூர் யாத்திரை முழுநூலாக நம் கைக்கு எட்டவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலும் புறத்திரட்டிலும் எஞ்சிய பாடல்களாலேயே அதனை அறிகிறோம். மேற்கோள் என்பது ஒரு நூலை வாழவைக்கும் செயலாகும்.

இன்றைய பல்கலைக்கழகங்களில் இச்செயல் எண்ணாகச் சுருங்கிவிட்டது. 1964இல் யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். சமூக அறிவியலுக்கும் கலைத்துறைக்குமான அட்டவணைகள் 1970களில் தோன்றின. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் 'எச்' குறியீட்டை வகுத்தார். ஒருவருடைய படைப்புகளுள் பத்து, குறைந்தது பத்துப்பத்து முறை எடுத்தாளப்பட்டிருப்பின் அவர் பத்து என்னும் எண்ணை எட்டியவராவார். இயற்பியலுக்கு இது பொருந்தலாம். வரலாற்றுக்கும் அரசியலுக்கும் பொருந்துமா?

சின்னப்பா அரசரத்தினத்தின் பணியை வைத்து இதனை ஆராயலாம். 1930இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கி, 1998இல் மறைந்தார். இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் பற்றிய நூல் 1958இல் வெளிவந்தது. மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூல் 1970இலும், சோழமண்டலக் கரை வணிகரைப் பற்றிய நூல் 1986இலும் வெளிவந்தன. இறுதி நூலுக்காக அவர் ஒல்லாந்துக் கும்பினியின் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தார். ஐரோப்பியர் வருகைக்குப் பின்னும் நம் கடற்கரை வணிகர் வெறும் ஏவலராய் நின்றுவிடவில்லை என்பதை அவ்வாவணங்களைக் கொண்டே நிறுவினார். எதிர்த்தரப்பின் ஏட்டிலிருந்தே நம்மவர் செயலைக் கண்டெடுத்தது அவருடைய தனித்திறன்.

இத்தகைய ஒரு நூலுக்குப் பின்னே பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. ஆயினும் ஐந்து பெருநூல்கள் மட்டுமே எழுதிய ஒருவர், ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும், 'எச்' குறியீட்டில் ஐந்தைத் தாண்ட இயலாது. மேலும், அட்டவணைகள் ஆய்விதழ்களையே அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை. வரலாற்றறிஞர்களோ பெரும்பாலும் நூல்களில் எழுதி, நூல்களிலேயே எடுத்தாளப்படுகின்றனர். உடன்பட்டுக் காட்டிய மேற்கோளும், மறுத்துக் காட்டிய மேற்கோளும், அலங்காரத்திற்காகச் சேர்த்த மேற்கோளும் எண்ணுக்கு ஒன்றே.

இதனால் அவருடைய நூல்கள் குறைகளுக்கு அப்பாற்பட்டவை என்பது கருத்தன்று. 1970ஆம் ஆண்டு நூல் ஒரு சமூகத்தின் குடியேற்றம், தோட்ட வாழ்வு, கல்வி, அரசியல் அனைத்தையும் ஒரே நூலுள் அடக்க முயல்கிறது. அம்முயற்சியே அதன் வலிமை; அதுவே அதன் எல்லையுமாகும். முந்தைய ஆண்டு வெளிவந்த கெர்னியல் சிங் சந்துவின் நூல், 1786 முதல் 1957 வரையிலான குடியேற்றத்தைப் புள்ளிவிவரங்களால் விரித்துரைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்புவது புலனாகும். பால்மரம் சீவிய பெண்ணின் ஒருநாள் பொழுதை அறிய விரும்புவோர் வேறு சான்றுகளையும் தேட வேண்டும். இவ்வாறு ஆராய்வதே திறனாய்வு. எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்று எண்ணுவது கணக்கு.

கணக்கே அளவுகோலாகிவிட்டால் விளையும் தீங்கு நம்மைச் சார்ந்தது. தமிழில் எழுதப்படும் ஆய்வுகளுக்கும் பள்ளிச் சிறப்பு மலர்களுக்கும் உலக அட்டவணைகளில் இடம் அரிது. மதிப்பெண் தேடும் இளம் ஆய்வாளர், ஜொகூர்த் தோட்டமொன்றின் வரலாற்றை ஏன் தமிழில் எழுத முன்வருவார்? பழைய பதிவேடு கரையான் வாய்ப்பட்ட பின்னர் அவ்வரலாற்றை எவராலும் எழுத இயலாது.

நம் தரப்பிலும் கடமை உண்டு. நம் மலர்களில் "கூறப்படுகிறது" என்னும் சொல் மிகுதி. யார், எங்கே கூறினார் என்பது அரிது. எடுத்த செய்திக்கு மூலத்தைச் சுட்டும் பழக்கத்தை மாணவர்க்குப் பள்ளியிலேயே ஊட்டுதல் வேண்டும். உரையாசிரியர்கள் நமக்கு விட்டுச்சென்ற மரபும் அதுவே. அரசரத்தினத்தின் பெயரைப் பெருமையுடன் சொல்வதினும், அவர் நூலின் ஓர் இயலைக் கற்று அதனோடு வாதிடுவதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும்.