கடதாசிச் சிற்பமும் தொடக்கநிலைப் பயில்வோரும்
அல்பேர்ஸின் கற்பித்தல் முறை பற்றிய ஒரு நோக்கு

கலைப் பயிற்சியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் முடிந்த படைப்பையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கடதாசியால் முப்பரிமாண உருவம் அமைக்கத் தொடங்குவோரும் அவ்வாறே மதிப்பிடப்படுகின்றனர். வரைந்து தரப்பட்ட தாளைக் கோட்டின் வழியே வெட்டி, இலக்கமிட்ட ஓரங்களைப் பசையிட்டு ஒட்டினால் ஒரு யானை எழுந்து நிற்கும். யானை நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனை நிறுத்தியவர் கடதாசியைப் பற்றி எதனை அறிந்துகொண்டார் என்பதே ஆராயற்பாலது.

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் ஜோசெப் அல்பேர்ஸ் (1888–1976). பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றியபின், ஜேர்மனியில் 1919ஆம் ஆண்டு தோன்றிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்த இவர், 1923 முதல் அங்கு தொடக்கநிலை மாணவர்க்குக் கற்பிக்கலானார். பணவீக்கம் ஜேர்மனியை நிலைகுலையச் செய்த ஆண்டு அது. பொருளும் உழைப்பும் வீணாகலாகாது என்ற அவரது கோட்பாட்டை அழகியற் கோட்பாடாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. அக்காலத்தின் நெருக்கடியும் அதனுள் உறைந்துள்ளது.

அவ்வகுப்பின் முதல் நாளைப் பற்றி அவரது மாணவர் ஹன்னெஸ் பெக்மன் நினைவுகூர்ந்துள்ளார். அல்பேர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாள்களைக் கொணர்ந்து பகிர்ந்தளித்து, இப்போது கையிலுள்ளதனிலும் மேலான ஒன்றை இவற்றிலிருந்து ஆக்குமாறு பணித்து வெளியேறினார். திரும்பி வந்தபோது கோட்டைகளும் படகுகளும் முகமூடிகளும் விலங்குகளும் நிறைந்திருந்தன. அவையெல்லாம் வேறு பொருள்களில் இதனினும் நன்றாக அமைந்திருக்கும் என்று அவர் ஒதுக்கினார். ஒருவர் மட்டும் தாளை நெடுக்காக மடித்து, மடிப்புத் தட்டிபோல நிறுத்தியிருந்தார். அல்பேர்ஸ் பாராட்டியது அதனையே. துவளும் தாள் தன் மெல்லிய ஓரத்திலேயே நிமிர்ந்து நின்றது. மேசையிற் கிடந்தபோது ஒரு பக்கமே தெரிந்த தாளின் இரு பக்கங்களும் கண்ணுக்குப் புலனாயின.

இந்நிகழ்ச்சியில் கடதாசிச் சிற்பத்தின் அடிப்படை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். தாள் வளையும், ஆனால் நீளாது. ஆகவேதான் அதனை உருளையாகச் சுருட்ட முடிகின்றது. பந்தின் மேல் சுருக்கமின்றிப் போர்த்த முடிவதில்லை. ஓரத்தைப் பிடித்தால் தொங்கும் தாள், சற்றே குழிவாக வளைத்துப் பிடித்தவுடன் விறைத்து நிற்கின்றது. தாளின் நார் ஓடும் திசையில் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடிப்புறும். இவற்றை அச்சுத் தாள் கற்பிப்பதில்லை. அதனை வரைந்தவர் இச்சிக்கல்களை ஏலவே தீர்த்து வைத்துவிட்டார். பயில்வோருக்கு எஞ்சுவது கத்தரிக்கோலின் வேலை மட்டுமே. பசையிட்டு ஒட்டும் வழக்கத்தை அல்பேர்ஸ் ஊக்குவிக்காமைக்குக் காரணமும் இதுவே. பசை தவற்றை மறைக்கும். மடிப்போ அதனை வெளிப்படுத்தும்.

எனினும் அல்பேர்ஸின் நிலைப்பாட்டையும் குறையின்றி ஏற்றல் இயலாது. உருவ ஒப்புமையை நாடுவதே பிழை என்ற எண்ணம் அவரது தீர்ப்பில் தொனிக்கின்றது. இதற்கு மறுப்பாக யப்பானியக் கலைஞர் அகிரா யொஷிஸாவாவின் (1911–2005) படைப்புகளைக் காட்டலாம். தொழிற்சாலையில் இளந்தொழிலாளர்க்குக் கேத்திரகணிதம் விளக்குதற்கு மடிப்புக் கலையைப் பயன்படுத்திய அவர், பறவையையும் விலங்கையுமே படைத்தார். தாளைச் சற்று ஈரமாக்கி மடித்து, உலர்ந்தபின் வளைவு நிலைபெறுமாறு செய்யும் முறையை வளர்த்தவரும் அவரே. அங்கே விலங்கின் உடல் தாளின் இயல்பிலிருந்தே பிறக்கின்றது. 1954இல் வெளிவந்த தம் நூலில் மடிப்புகளைப் புள்ளிக்கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் உணர்த்தும் முறையை அவர் கையாண்டார். அக்குறியீட்டைப் பின்பற்றுவோர் வெறும் நகலாளராகும் ஆபத்து உண்டு. ஆயினும் ஒவ்வொரு மடிப்பிலும் அவர்தம் கை தாளின் எதிர்ப்பை உணர்ந்தே தீரவேண்டும். எனவே குற்றம் ஒப்புமையில் இல்லை. பொருளை அறியாது ஒப்புமையைத் தேடுவதிலேயே உள்ளது.

கையின் அறிவு தாழ்ந்தது எனக் கருதுவோர்க்கு இன்னொன்றும் கூறற்பாலது. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த சதுரங்களை மாறிமாறி மேடாகவும் பள்ளமாகவும் மடித்தால், தட்டைத் தாள் குதிரைச் சேணம்போல் தானே வளைந்தெழும். தொடக்கநிலைப் பயில்வோரும் செய்யக்கூடிய உருவம் இது. ஆனால் அம்மடிப்புகளை மட்டும் கொண்டு, வேறு மடிப்பு எதுவுமின்றி, இலட்சியத் தாளொன்றில் அது அமையமுடியாது என எறிக் டிமெயின், மார்ட்டின் டிமெயின் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். மெய்யான தாள் கண்ணுக்குப் புலப்படாத நுண்மடிப்புகளால் அவ்விடர்ப்பாட்டைக் கடக்கின்றது போலும். மாணவரின் விரல்கள் பல்லாண்டுகளாக மடித்து வந்த தாளில் கணிதவியலாளர்க்கும் ஒரு வினா காத்திருந்தது.

ஆதலின் தொடக்கநிலைப் படைப்பை நோக்கி, அது எதனைப் போல் இருக்கின்றது என வினவுவது போதாது. அது ஏன் கடதாசியால் ஆக்கப்பட்டது என்றே முதலில் வினவவேண்டும். கத்தரிக்கோலும் பசையும் இன்றி ஒரே தாளை நிறுத்தப் பழகியவர், பின்னர் யானையையும் படைக்கலாம். அப்போது அந்த யானை அவருடையதாக இருக்கும்.