தேர் வராத தெரு

நகர மரபுப் பாதுகாப்பு, பண்பாட்டு நிலவெளி என்றெல்லாம் பல்கலைக்கழகங்களில் இன்று ஒரு படிப்பு நடக்கிறது. நம்ம பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் அதற்குள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். போனதும் அவர்கள் காதில் விழுகிற முதல் பெயர்களில் ஒன்று பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல் பேராசிரியர். 1914-இல் சென்னை மாகாண ஆளுநர் அழைத்து இங்கே வந்தார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், நகரவியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஊர் காஞ்சிபுரம். கோயில், தேர்வீதி, தோப்பு, கைவினைஞர் வீடு எல்லாம் ஒரே ஒழுங்கில் இணைந்த திட்டம், கிழக்கிலும் மேற்கிலும் இதற்கு ஈடாகத் தப்பிப் பிழைத்தது வேறில்லை என்ற அளவுக்கு எழுதினார்.

அவரிடம் நல்லது இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. சுகாதாரத்தின் பெயரால் ஏழைகளின் வீடுகளை இடித்து நேர்கோட்டில் சாலை போட்ட வெள்ளை அதிகாரிகளை அவர் எதிர்த்தார். முதலில் ஊரை நடந்து பார், கணக்கெடு, பிறகு திட்டம் போடு என்றார். இடிப்பதைக் குறை, இருப்பதைச் சீர்செய் என்றார். புல்டோசர் ஆட்சி செய்கிற இன்றைக்கும் இது தேவையான பேச்சுதான்.

ஆனால் நடந்து பார்த்தவர் எங்கே வரைக்கும் நடந்தார்? தேர் போகிற தெரு வரைக்கும். தேர் வராத தெருவும் அந்த ஊரின் திட்டத்தில் சேர்ந்ததுதானே? சேரியை ஊருக்கு வெளியே, வயலோரம் வைத்ததும் திட்டமிட்டு வைத்ததுதான். அவர் வியந்த கோயில்களுக்குள் அப்போது நம் ஆட்கள் கால் வைக்க முடியாது. மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். அந்த ஒழுங்கின் அழகு யாரை வெளியே நிறுத்திக் கிடைத்தது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்கீர், 1891-லேயே பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதிவிட்டார். குடிசை போட்ட மனைகூட மிராசுதார் பிடியில் இருப்பதையும், அதைக் காட்டியே மிரட்டி வேலை வாங்குவதையும் எழுதினார். பஞ்சமி நிலம் அதன் தொடர்ச்சியாக வந்தது. ஒரு கலெக்டர் கண்ணுக்குப் பட்டது, இருபது வருஷம் கழித்து வந்த பேராசிரியர் கண்ணுக்கு ஏன் படவில்லை?

பதில் அவருடைய கருத்தியலில் இருக்கிறது. நகரத்தை அவர் ஓர் உயிருள்ள உடலாகப் பார்த்தார். நமக்கு இந்த உடல் கதை பழசு. தலை, தோள், தொடை, பாதம் என்று பிரித்துச் சொன்ன உடல் ஒன்று இங்கே முன்பே உண்டு. பாதம் தலையோடு சண்டை போட்டால் அந்த உடலின் பாஷையில் அது நோய். உயிரியல் பேராசிரியரும் புருஷசூக்தமும் ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

இந்தூரைப் பாருங்கள். அங்கே தீபாவளியை ஒட்டி அவர் நடத்திய ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வெள்ளை உடுப்பு, பூமாலை, கையில் புதுத் துடைப்பம். கௌரவம் கொடுத்தார், சரி. துடைப்பத்தை மட்டும் கையிலிருந்து வாங்கவில்லை. 1918-இல் வெளிவந்த அவரது இந்தூர் அறிக்கை, செலவு அதிகம் என்று பாதாளச் சாக்கடையையும் எதிர்த்தது. மலத்தைத் தோட்டத்துக்கு உரமாக்கலாமாம். அதைச் சுமக்கிற தலை யாருடையது?

1919-இல் அதே பம்பாயில் இன்னொரு பேராசிரியர் இருந்தார். சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய அம்பேத்கர். சக ஆசிரியர்களின் பானையில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அவருக்கு எதிர்ப்பு வந்தது. நகரத்தைப் பற்றி நமக்குப் பாடம் அந்தப் பானையில் இருந்து தொடங்குகிறது. 1927-இல் மகாட் குளத்தில் அவர் கைவைத்தது, பொதுச்சொத்து என்றால் யாருடையது என்பதற்கான விளக்கம்.

இன்றைய காஞ்சிக்கு வருவோம். 2015-இல் மத்திய அரசின் ஹிருதய் திட்டம் 12 பாரம்பரிய நகரங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது, 2019-இல் முடிந்தது. 2021-இல் காஞ்சிக் கோயில்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. கோர்வைச் சேலையின் அழகைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கோர்வைக்குக் கரை நாடாவைத் தள்ள நெசவாளி பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். ரொம்ப காலம் அது குழந்தையின் கை. முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட காஞ்சிப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் தலித் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கையை எந்த மரபுப் பட்டியலில் எழுதுவது?

நம்ம பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கெடிஸின் கணக்கெடுப்பு முறையையும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அளவு நாடா தேர்முட்டியில் நின்றுவிடக் கூடாது. சுடுகாட்டுக்குப் போகிற பாதை எத்தனை அடி, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, தறிக்கடன் எந்த வீட்டில் எத்தனை வருஷமாக இருக்கிறது, பஞ்சமி நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றட்டும். அந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதைப் பாதுகாக்கலாம், எதை உடைக்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.